சாரத்திலிருந்து இறங்க ஒரு சான்றிதழ்

2007ஆம் ஆண்டு கோடையில் என் தம்பி விடுமுறையில் வந்தபோது, என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்ற அவனுக்கு ஒரு நாற்காலி தேவைப்பட்டது. அப்போது அவனுக்கு நாற்பத்தாறு வயது. பதினைந்து வருடமாக வளைகுடாவில் சாரம் கட்டிக்கொண்டிருந்தான். இங்கே நாம் சவுக்குக் கம்பையும் கயிற்றையும் வைத்துக் கட்டுவதை அங்கே இரும்புக் குழாயையும் கிளாம்ப்பையும் வைத்துக் கட்டுகிறார்கள். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் கோபுரங்களைச் சுற்றிப் பத்து மாடி உயரம், பதினைந்து மாடி உயரம். ஒரு நாளைக்கு எத்தனை முறை ஏறி இறங்குவது என்பதைக் கம்பெனி கணக்கில் வைப்பதில்லை. முட்டி வைத்திருந்தது.

"என்னலே, நொண்டுற?"

"நொண்டலக்கா. நிதானமா நடக்குறேன்."

"நிதானம் உனக்கு எப்பலேருந்து?"

சிரித்தான். உட்கார்ந்தவுடன் பையிலிருந்து பிளாஸ்டிக் கோப்பு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தான். காப்பி கலந்து கொண்டுவருவதற்குள் உள்ளே இருந்த தாள்களை வரிசையாகப் பரப்பிவிட்டிருந்தான். எங்கள் குடும்பத்தில் யாரும் என்னைப் பார்க்க வெறுங்கையோடு வருவதில்லை. ஒரு விண்ணப்பமாவது இருக்கும்.

விஷயம் இதுதான். அடுத்த ஆண்டு விசாவைப் புதுப்பிக்கும்போது உயரத்தில் வேலை செய்பவர்களுக்கு ஒரு மருத்துவப் பரிசோதனை உண்டு. அவன் முட்டி அதில் தேறாது. தேறாவிட்டால் ஊருக்கு விமானம் ஏற்றிவிடுவார்கள். மூத்த மகள் அப்போதுதான் பொறியியல் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். இளையவள் ஒன்பதாம் வகுப்பு. ஊரில் இருந்த நிலம் மழையைப் பார்த்து மிளகாய் போடும் நிலம். அவனைவிட வானம்தான் அதற்கு உரிமையாளர். இந்த நேரத்தில் அவனுடைய தளத்தின் பாதுகாப்பு மேலாளர், வெள்ளைக்காரர், ஒரு வார்த்தை சொல்லியிருந்தார்: "நான்கு மாதத்தில் புதிய வேலைத்தளம் தொடங்குகிறது. பாதுகாப்பு அலுவலர் இடம் காலியாகும். சாரத்தைப் பற்றி உனக்குத் தெரிந்தது என் ஆட்கள் யாருக்கும் தெரியாது. ஏதாவது ஒரு சான்றிதழோடு வா, போட்டுத்தருகிறேன்."

அதாவது, ஒரு காகிதம் கிடைத்தால் அவன் தரையில் நின்று வேலை பார்க்கலாம். கிடைக்காவிட்டால் முட்டி போகும்வரை ஏறலாம், அதற்குப் பிறகு சாயல்குடிப் பக்கம் கிராமத்தில் உட்கார்ந்து வானத்தைப் பார்க்கலாம்.

எந்தக் காகிதம் என்பதுதான் கேள்வி. அதைக் கேட்கத்தான் வந்திருந்தான்.

என்னிடம் கேட்டதற்குக் காரணம் இருந்தது. 1974இல் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள் நான். நான் சேர்ந்த காலத்தில் மாவட்டத்தின் பெயர் இராமநாதபுரம், ஆட்சியர் உட்கார்ந்திருந்தது மதுரையில். அந்த ஒன்றிலிருந்தே நிர்வாகத்தைப் பற்றி நிறையக் கற்றுக்கொள்ளலாம். பதிவு, புதுப்பித்தல், முன்னுரிமை, தகுதிச் சரிபார்ப்பு, விடுபட்டவர்களுக்கான சலுகை ஆணை, அந்த ஆணைக்கான திருத்தம் எல்லாம் எனக்கு மனப்பாடம். திருமணம் செய்துகொள்ளவில்லை, நிர்ணயித்த தகுதியோடு விண்ணப்பம் எதுவும் வரவில்லை. ஆகவே ஓய்வுக்குப் பிறகு உறவினர்களின் சாதிச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பாஸ்போர்ட் ஆகியவற்றைக் கவனிப்பதே என் இல்வாழ்க்கையாக அமைந்தது.

தம்பியும் ஒருகாலத்தில் என் அலுவலக வரிசையில் நின்றவன்தான். எண்பத்தொன்றில் ஐ.டி.ஐ. பிட்டர் படிப்பை முடித்துவிட்டு வந்து பதிந்தான். அவனுடைய அட்டையை நானே எழுதினேன். அரசு நிறுவனம் ஒன்று பிட்டர்கள் கேட்டு ஒருமுறை பட்டியல் கோரியது. பதிவு மூப்பின்படி எழுதிக்கொண்டு வந்தபோது பட்டியல் அவனுக்குப் பதினேழு பேர் முன்னாலேயே முடிந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர் என் பக்கம் பார்த்து இருமினார். அந்த இருமலுக்கு அலுவலகத்தில் என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். நான் பட்டியலை அப்படியே கையெழுத்துக்கு வைத்தேன். விஷயம் எப்படியோ வீட்டுக்குப் போய்விட்டது. அய்யா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பேசியபோது, "நீ எனக்குப் பொறக்கல. ஆபீஸுக்குப் பொறந்திருக்க" என்றார். தம்பி பதினோரு வருடம் பதிவைப் புதுப்பித்துப் பார்த்துவிட்டு, தொண்ணூற்று இரண்டில் விமானம் ஏறினான்.

இப்போது மறுபடியும் என் முன்னால் ஒரு கோப்போடு உட்கார்ந்திருந்தான்.

நான்கு வழிகள் இருந்தன. முதலாவது, நம் அரசின் ஓராண்டுத் தொழிற்பாதுகாப்புப் பட்டயம். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஆனால் பட்டமோ பட்டயமோ பெற்றவர்தான் சேர முடியும். ஐ.டி.ஐ. போதாது. இரண்டாவது, இராமநாதபுரத்திலேயே ஜெராக்ஸ் கடை மாடியில் இயங்கிய ஒரு நிறுவனத்தின் "சர்வதேசத் தீ மற்றும் பாதுகாப்பு மேல்நிலைப் பட்டயம்". நாற்பத்தைந்து நாள். மாடி ஏறிப் போய் விசாரித்தேன். சர்வதேசம் ஒரு மின்விசிறியின் கீழே இரண்டு பெஞ்சுகளில் அடங்கியிருந்தது.

"எந்த அரசாணைப்படி நடத்துறீங்க?" என்று கேட்டேன்.

"மேடம், இது இண்டர்நேஷனல். அரசாணைக்கெல்லாம் மேல" என்றார் இளைஞர்.

"தீயணைக்கும் கருவி எங்க இருக்கு?"

"ஆர்டர் பண்ணிருக்கோம் மேடம்."

மீதி இரண்டு. ஒன்று அமெரிக்க முறையிலான முப்பது மணி நேர அட்டை. சென்னையில் நான்கு நாள் வகுப்பு. உட்கார்ந்திருந்தால் போதும், அட்டை வந்துவிடும். இன்னொன்று இங்கிலாந்து முறையிலான பொதுச் சான்றிதழ். சென்னையில் இரண்டு வார வகுப்பு, ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துத் தேர்வு, அதன்பின் ஒரு வேலையிடத்தை நேரில் பார்வையிட்டு நிர்வாகத்துக்கு எழுதும் அறிக்கை. மூன்றும் திருத்தப்பட்டு முடிவு வர இரண்டரை மூன்று மாதம்.

தம்பிக்கு அட்டைதான் வேண்டும்.

"எங்கூட வேலை பாத்தவரு அதத்தான் வச்சிருக்காரு. நாலு நாள்ல முடிச்சிட்டாரு. இப்பத் தரையில நின்னு விசில் ஊதுறாரு."

"அது தகுதிச் சான்று இல்லலே. நீ முப்பது மணி நேரம் தூங்காம உக்காந்திருந்தன்னு சாட்சி. அவ்வளவுதான்."

"முழிச்சிருக்குறதுக்கே சாட்சி குடுக்குறாகன்னா நல்லதுதான?"

"உன் மேலாளர் 'ஏதாவது ஒரு சான்றிதழ்'னு எழுத்துல குடுத்தாரா?"

"வாயில சொன்னாரு."

"வாய்க்கு முத்திரை கிடையாது. நாளைக்கு அவரு மாறிப்போனா?"

நான் சும்மா பேசவில்லை. ஆங்கில நாளிதழில் வாரத்துக்கு ஒருமுறை வரும் வெளிநாட்டு வேலை விளம்பரங்களைப் பல வாரத்துப் பழைய தாள்களிலிருந்து வெட்டி எடுத்து ஒரு நோட்டில் ஒட்டி வைத்தேன். பாதுகாப்பு அலுவலர் கேட்டவற்றில் பெரும்பாலானவை இங்கிலாந்துச் சான்றிதழைத்தான் கேட்டன. அட்டை என்பது "இருந்தால் நல்லது". நோட்டை அவனிடம் காட்டினேன். ஒரு வேலைத்தளத்தோடு வாழ்க்கை முடிந்துவிடாது, இன்னும் பன்னிரண்டு வருடம் உழைக்க வேண்டியவன், எங்கே போனாலும் செல்லுபடியாகும் காகிதம்தான் காகிதம் என்று விளக்கினேன். வாதத்தில் ஒரு ஓட்டை இருந்தது. அட்டை கையோடு வரும். சான்றிதழ் முதல் முயற்சியிலேயே தேறினால்தான் நான்கு மாதத்துக்குள் வரும். அதை அவன் கேட்டான்.

"தேறலன்னா?"

"ஏன் தேறமாட்ட? நான் இருக்கேன்ல."

அன்று அவன் என்னை ஒரு விதமாகப் பார்த்தான். பட்டியலில் பதினேழு பேருக்குப் பின்னால் நின்றவனின் பார்வை என்று பிற்பாடு எனக்குத் தோன்றியது. அப்போது ஒப்புதல் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

"சரிக்கா. நீ சொன்னாச் சரி."

சென்னை வகுப்புக்குப் போகுமுன் பத்து நாள் என் வீட்டில் தங்கிப் படித்தான். பத்தாம் வகுப்புவரை தமிழ் வழி. பிறகு வேலைத்தளத்தில் பாகிஸ்தானியர், பிலிப்பைன்ஸ்காரர், வெள்ளைக்காரர் எல்லோரிடமும் பேசிப் பேசி உருவான ஓர் ஆங்கிலம். அந்த ஆங்கிலத்தில் அவனால் ஐம்பது பேரை ஒரு கோபுரத்திலிருந்து இறக்கிவிட முடியும். ஒரு பத்தி எழுத முடியாது.

ஆபத்தைக் கட்டுப்படுத்தும் வழிகளை வரிசைப்படுத்துக என்று ஒரு பாடம். புத்தகத்தில் ஒன்றரைப் பக்கம். மூன்று முறை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிட்டுச் சொன்னான்:

"கெட்டதத் தூக்கி எறி. முடியலன்னா நல்லதா ஒண்ண மாத்தி வை. அதுவும் முடியலன்னா நடுவுல ஒரு தடுப்பப் போடு. அதுவும் முடியலன்னா ஆளு அந்தப் பக்கம் போகாமப் பாத்துக்க. எதுவுமே முடியலன்னா ஹெல்மெட்டக் குடுத்து சாமியக் கும்பிடச் சொல்லு. இதத்தானக்கா சொல்றாய்ங்க?"

அதைத்தான் சொல்லியிருந்தார்கள். ஆனால் இப்படி எழுதினால் மதிப்பெண் கிடைக்காது என்று நான் சொன்னேன். ஐந்து வரிகளை ஆங்கிலத்தில் எழுதிக்கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னேன். நாம் எல்லோரும் அப்படித்தானே தேறிவந்தோம். பொருள் புரிந்தவன் தோற்றதும், வரி பிசகாமல் ஒப்பித்தவன் தேறியதும் நம் பள்ளிகளில் புதிதல்ல. கூடத்தில் முட்டியை நீட்டி உட்கார்ந்து அவன் ஒப்பித்துக்கொண்டிருப்பான். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்த அவன் மனைவி, வாசற்படியிலேயே நின்று பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "மதினி, எம் மகளுக்கு உக்காந்து படின்னு சொல்லிச் சொல்லி வாயி வலிச்சுப்போச்சு. இப்ப அப்பனையும் சேத்துப் பாக்கணுமா?"

சென்னைக்குப் போனான், இரண்டு எழுத்துத் தேர்வுகளையும் எழுதிவிட்டு வந்தான். நன்றாக எழுதியதாகச் சொன்னான். மிச்சம் இருந்தது நேரில் பார்வையிடுவதும் அறிக்கையும். அதற்கு இரண்டு வாரம் அவகாசம். அவனுடைய வேலைத்தளம் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்ததால், அனுமதி பெற்று வேறு எந்த வேலையிடத்தையும் பார்க்கலாம் என்று பயிற்சி நிலையத்தில் சொல்லியிருந்தார்கள்.

சாயல்குடி அருகே ஓர் உப்பு அரவை ஆலையைத் தேர்ந்தெடுத்தேன். அதன் மேலாளர் பழைய பதிவுதாரர்.

"மேடம், முப்பது வருசம் புதுப்பிச்சேன். ஒரு இண்டர்வியூ கார்டு வரல" என்று வரவேற்றார்.

"நீங்க நல்லா இருக்கீங்கல்ல, அப்புறம் என்ன?" என்றேன்.

"அதுவும் சரிதான். கார்டு வந்திருந்தா இந்நேரம் உங்கள மாதிரி ஓய்வுல வீட்ல இருந்திருப்பேன்."

பாத்திகளிலிருந்து வரும் உப்பைக் கொட்டி, அரைத்து, பொட்டலம் கட்டி அனுப்பும் கொட்டகை அது. உள்ளே நுழைந்ததும் நான் செய்தது, சுவரில் மாட்டியிருந்த உரிமத்தின் கெடு தேதியைப் பார்த்தது. பிறகு வருகைப் பதிவேட்டைக் கேட்டது. தம்பி நுழைந்தவுடன் தலையை உயர்த்திக் கூரையைப் பார்த்தான். பிறகு எதன்மேல் எது நிற்கிறது என்று மேலிருந்து கீழாகக் கண்ணை இறக்கிக்கொண்டு வந்தான். பதினைந்து வருடப் பழக்கம். மூட்டை அடுக்கு ஒன்று சுவர்ப் பக்கம் சாயாமல் வழிப் பக்கம் சாய்ந்திருந்ததை நான் பார்க்கவே இல்லை. அதன் கீழே நின்றுதான் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். என் முழங்கையைப் பிடித்து இரண்டடி தள்ளி நிறுத்திவிட்டு வேலையைத் தொடர்ந்தான்.

அரவை இயந்திரத்தின் பெல்ட்டுக்கு மூடி இல்லை. மூடி இருந்தது, சுவர் ஓரத்தில். அதன்மேல் சாப்பாட்டுத் தூக்குகள் வரிசையாக இருந்தன. மோட்டாரின் எர்த் கம்பியை உப்பு அரித்துப் பாதியில் அறுந்து, நுனி காற்றில் நின்றது. கீழே ஈரம். பெண்கள் வெறுங்காலோடு அதைத் தாண்டித் தாண்டிப் போனார்கள்.

"என்னண்ணே, எங்களையே சுத்திச் சுத்தி எழுதுறீக? பொண்ணு பாக்க வந்தீகளா?" என்று மூட்டை தைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் கேட்டாள்.

"அக்கா கூட வந்திருக்காகல்ல, பாத்தாத் தெரியல?" என்றாள் இன்னொருத்தி. கொட்டகையே சிரித்தது.

தம்பியும் சிரித்தான். "ஏந்தாயி, அந்த மோட்டார்ப் பக்கம் கை வச்சா ஜிர்ருனு இருக்குமா?"

"மழை நாள்ல இருக்கும். கட்டையால தள்ளித்தான் சுவிட்சப் போடுவோம்."

"யாரு போடுவா?"

"யாரு கையில கட்டை இருக்கோ அவுக."

இதை அப்படியே எழுதிக்கொண்டான். மேலாளரிடம் போய், "அண்ணே, எலக்ட்ரீசியன் யாரு? எத்தன மணிக்கு வருவாரு?" என்று கேட்டு அதையும் எழுதிக்கொண்டான்.

அன்று பிற்பகலே என் வீட்டு மேசையில் உட்கார்ந்து அறிக்கையை எழுதினான். அவனுடைய ஆங்கிலத்தில், எழுத்துப் பிழைகளோடு. தமிழில் சொன்னால் இப்படி இருந்தது: "எர்த் கம்பி அறுந்துவிட்டது. எலக்ட்ரீசியன் இன்றே மாற்ற வேண்டும். அதுவரை யாரும் மோட்டாரைத் தொடக்கூடாது. மேலாளர் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டிச் சாவியைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். பெல்ட் மூடியின்மேல் சாப்பாடு இருக்கிறது. சாப்பாட்டுக்கு அலமாரி ஒன்று வாங்க வேண்டும், இந்த வாரம். இல்லாவிட்டால் மூடியைப் போட்டாலும் மறுநாள் எடுத்துவிடுவார்கள்."

படித்துவிட்டு எனக்கு வியர்த்தது.

ஓர் அறிக்கை எப்படி எழுதப்பட வேண்டும் என்று எனக்கு முப்பத்திரண்டு வருடம் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். யார் செய்ய வேண்டும் என்று எழுதாதே. அவர் உனக்கு மேலதிகாரியாக இருக்கலாம், அல்லது நாளை ஆகலாம். எப்போதுக்குள் என்று எழுதாதே. அந்தத் தேதி வரும். பணியில் சேர்ந்த புதிதில் ஒரு குறிப்பில், இன்னார் வெள்ளிக்கிழமைக்குள் பதிவேட்டை ஒப்படைக்க வேண்டும் என்று எழுதிவிட்டேன். வெள்ளிக்கிழமை வந்தது, பதிவேடு வரவில்லை. விளக்கம் கேட்டு எனக்குத்தான் குறிப்பாணை வந்தது, உரிய வழியில் எழுதவில்லை என்று. அதன்பிறகு என் எந்த வாக்கியத்திலும் ஆள் இருந்ததில்லை.

விதிமுறைப் புத்தகத்தில், அறிக்கை தேர்வரின் சொந்தப் படைப்பாக இருக்க வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. அதை மூன்று முறை படித்தேன். கையெழுத்து அவனுடையதாக இருந்தால் படைப்பும் அவனுடையதுதான் என்று எனக்கு நானே தீர்ப்பெழுதிக்கொண்டேன். எத்தனையோ ஆயிரம் நகல்களை மூலத்தோடு ஒப்பிட்டு "உண்மை நகல்" என்று கையெழுத்திட்டவள் அந்தத் தீர்ப்பை எழுதினாள் என்பதைப் பதிவு செய்கிறேன். தம்பிக்காக ஒரு விதியையாவது வளைத்துவிட வேண்டும் என்று இருபது வருடமாக உள்ளே ஏதோ காத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

அறிக்கையை முழுதாகத் திருத்தி எழுதினேன். அழகான ஆங்கிலம். மின் இணைப்புகளில் சில குறைபாடுகள் காணப்பட்டன. பாதுகாப்பு மூடிகள் உரிய இடத்தில் பொருத்தப்படுவது விரும்பத்தக்கது. மேற்கண்டவை கனிவுடன் பரிசீலிக்கப்பட்டு, உரிய அலுவலரால் இயன்ற விரைவில் ஆவன செய்யப்படலாம். சாப்பாட்டு அலமாரியை நீக்கிவிட்டேன். ஓர் அறிக்கையில் தூக்குவாளி வருவது முறையல்ல.

தம்பி அதைத் தன் கையெழுத்தில் பிரதி எடுத்தான். பாதியில் பேனாவை நிறுத்தினான்.

"யாரு செய்யணும்னு இதுல இல்லையேக்கா."

"அதான் முறை."

"அப்ப எவன் செய்வான்?"

"எழுதுலே. நேரமாகுது."

எழுதினான்.

ஆலையின் மேலாளருக்கு அவன் ஏற்கெனவே எர்த் கம்பியைப் பற்றி ஒரு துண்டுத் தாளில் மூன்று வரி எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். அது தேர்வுக்குச் சேராது.

விடுமுறை முடிந்து போனான். முடிவு என் முகவரிக்கு வரும்படி கொடுத்திருந்தோம். புதிய வேலைத்தளம் தொடங்க மூன்று வாரம் இருந்தபோது உறை வந்தது. இரண்டு எழுத்துத் தேர்விலும் தேர்ச்சி. அறிக்கையில் தோல்வி. மூன்றும் தேறினால்தான் சான்றிதழ்.

தபால்காரர் நிற்கும்போதே பிரித்துவிட்டதால் அவர் எதிரில் முகத்தை வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவர் போனதும் சென்னைப் பயிற்சி நிலையத்துக்குத் தொலைபேசினேன். பாடம் நடத்தியவர் நல்ல மனிதர். அறிக்கையின் நகலைப் பார்த்துவிட்டு மறுநாள் பேசினார்.

"மேடம், இங்கிலீஷ் ரொம்ப நல்லா இருக்கு. ஆனா யாரு செய்யணும், எப்பக்குள்ள செய்யணும்னு ஒரு வரிகூட இல்ல. மார்க்கே அதுக்குத்தான். வகுப்புல அவர்தான் இதப் பளிச்சுனு சொன்னாரு. எழுதும்போது ஏன் இப்படி எழுதினாருன்னு எனக்கே ஆச்சரியம்."

நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

தம்பியைக் கூப்பிட இரண்டு நாள் ஆனது. அவன் ஓய்வு நாள் வரை காத்திருக்கிறேன் என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன். அந்த நாள் வந்ததும் கூப்பிட்டு, முதலில் தேர்ச்சியைச் சொன்னேன், பிறகு தோல்வியை. வரிசை முக்கியம்.

"சரி விடுக்கா" என்றான். அந்த வார்த்தைக்குப் பதிலாக அய்யாவைப் போல ஒரு மாதம் பேசாமல் இருந்திருக்கலாம்.

"அந்த இடம்?"

"அட்டை வச்சிருந்தாரே, அவருக்குப் போயிரும். மேனேஜரு முன்னமே சொல்லிட்டாரு. தேறலன்னா மறுபடி எழுதி வாங்கு, அடுத்ததுல பாக்குறேன்னாரு."

"நீ?"

"மேலதான். நேத்துப் பன்னெண்டாவது லெவல்."

"தப்பு என்னோடதுலே. நீ எழுதினதத்தான் அனுப்பியிருக்கணும். நான்தான் கெடுத்தேன்."



"எனக்கு அப்பவே தெரியும்க்கா. வகுப்புல சொல்லிக்குடுத்தாகல்ல."

"தெரிஞ்சா ஏன்லே எழுதின?"

"நீ அவ்வளவு சந்தோசமா எழுதிக்கிட்டு இருந்த. எனக்காக நீ எதையும் அப்படி எழுதி நான் பாத்ததில்ல."

அதற்குப் பிறகு நான் என்ன பேசினேன் என்று நினைவில்லை. பேசியிருந்தால், ஆவன செய்வதாகத்தான் சொல்லியிருப்பேன்.

மறுதேர்வை அவன் அங்கேயே ஒரு மையத்தில் எழுதினான். என்னிடம் விதிமுறையும் கேட்கவில்லை, வரைவும் காட்டவில்லை. பார்வையிட்டது அவன் தினமும் ஏறிய அதே சாரத்தை. தன் கூட்டாளிகள் கட்டியதையே பார்த்து, எந்தத் தட்டில் பலகை குறைகிறது, யார் போட வேண்டும், எத்தனை மணிக்குள் என்று எழுதினானாம். இடையில் விசா பரிசோதனை வந்தது. முட்டியில் ஊசி போட்டுக்கொண்டு போய் நின்றான். ஓர் ஆண்டுக்கு மட்டும் தகுதி என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த ஓர் ஆண்டும் என் கணக்கில்தான் சேரும். அட்டையைத் தேர்ந்தெடுத்திருந்தால் அவன் அப்போதே கீழே இருந்திருப்பான். அட்டைக்காரர் நல்லபடியாகத்தான் வேலை பார்த்தார் என்றும் தம்பியே சொன்னான்.

ஆனாலும் நான் ஒட்டி வைத்த விளம்பரங்களின் நோட்டு பொய் சொல்லவில்லை. 2008இல் சான்றிதழ் வந்தது. அந்த ஆண்டின் இறுதியில் பல வேலைத்தளங்கள் அப்படியே நின்றன, ஆட்களைக் குறைத்தார்கள். வேறொரு நாட்டில் வேறொரு கம்பெனி, இங்கிலாந்துச் சான்றிதழ் உள்ளவர்களை மட்டும் கூப்பிட்டது. 2009 தொடக்கத்தில் தம்பி அங்கே பாதுகாப்பு அலுவலராகச் சேர்ந்தான். எது சரியான தேர்வு என்று இன்றும் யாராவது கேட்டால், நான் இரண்டு பக்கத்தையும் சொல்கிறேன். எதில் சேர்க்கலாம் என்று கேட்கப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும் பெற்றோருக்கு அது பிடிப்பதில்லை. கண்காணிப்பாளராக இருந்தவள் ஒரே முடிவாகச் சொல்வாள் என்று நம்பி வருகிறார்கள்.

புதிய வேலையில் சேர்ந்து ஒரு வாரம் கழித்து அவனே பேசினான்.

"எப்படிலே இருக்கு?"

"நேத்து ஒரு சாரத்த நிறுத்திட்டேன்க்கா. போல்ட் சரியில்ல. முப்பது பேரக் கீழ எறக்குனேன். போர்மேன் நம்ம பக்கத்து ஆளுதான், பரமக்குடி. மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறாரு."

"எழுதிக் குடுத்தியா?"

"குடுத்தேன். அவரு பேரையே போட்டேன். ரெண்டு மணிக்குள்ளன்னு போட்டேன்."

"முடிச்சாரா?"

"ஒன்றரைக்கே முடிச்சிட்டாரு. ஆனா பேசமாட்டேங்குறாரு."

"முட்டி?"

"முட்டி பரவால்ல. கழுத்துதான். நாள் பூரா கீழ நின்னு மேலயே பாத்துக்கிட்டு நிக்கணும்ல. மேல இருக்குறவரைக்கும் இது தெரியல. நம்ம கால் எங்க இருக்குன்னு மட்டும் பாத்தாப் போதும். இப்ப முப்பது பேரு கால் எங்க இருக்குன்னு பாக்கணும்."

கழுத்துக்கு என்ன தைலம் தடவலாம் என்று சொன்னேன். சரி என்றான். அந்தப் பக்கம் யாரோ அவனைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. யாரோ ஒருவன் பாதுகாப்பு பெல்ட்டை மாட்டாமல் ஏறிவிட்டான் போல. தம்பி போனை வைக்காமலேயே அண்ணாந்து கத்தத் தொடங்கினான். ஆங்கிலத்தில், அவனுடைய ஆங்கிலத்தில். மேலே இருப்பவனின் பெயரைச் சொல்லி, இப்போதே என்று சொல்லி.